பயந்தாங்கொள்ளி: ஒரு சொல்லும் சில திருமறைப் பகுதிகளும்

பேச்சுத் தமிழில் நாள்தோறும் வழங்குவதாயினும் ஏட்டுத் தமிழில் அரிதாகவே இடம்பெறும் சொற்களுள் ஒன்று 'பயந்தாங்கொள்ளி'. சிறுவர் விளையாட்டிலும் அண்டை வீட்டார் பூசலிலும் ஒலிக்கும் இச்சொல், எப்படியோ நம் அருளுரைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. புயலில் அலறிய சீடரையும், முற்றத்தில் மறுதலித்த பேதுருவையும், இரவில் வந்த நிக்கொதேமுவையும் இச்சொல்லால் சுட்டிவிட்டு அடுத்த குறிப்புக்குச் செல்வது நம்மில் பலருக்கு வழக்கமாயிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் பாம்பனை அடுத்த ஒரு சிற்றூரில், மாலை ஜெபக்கூட்டத்தில் மாற்கு 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை விளக்கும்போது நாமும் அவ்வாறே செய்தோம். கூட்டம் முடிந்தபின் முதியவர் ஒருவர் ஒதுக்கமாக வந்து நின்றார். "அறுபத்துநாலுல காத்தப் பாத்துப் பயந்து கரையேறுனதாலதான் ஐயா எங்கப்பா பொழச்சாரு. அவரு பயந்தாங்கொள்ளியா?" என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. ஐயம் தீர்க்கவே கேட்டார். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை அவர் குறிப்பிட்டார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் இரயில் வண்டியே அன்றிரவு அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. அவருக்குத் தக்க விடை அன்று நம்மிடம் இல்லை. அவ்வினாவிலிருந்து தொடங்கியதே இச்சிறு ஆய்வு.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். இராமநாதபுரம் கடற்கரையில் இச்சொல்லைப் 'பயந்தாங்குளி' என்று ஒலிக்கக் கேட்கலாம். பிற மாவட்டங்களிலும் அவ்வொலிப்பு உண்டு. 'குளி' என்னும் ஈறு இக்கரையில் வாழ்வோர்க்கு உடனே ஒரு பொருளைத் தருகிறது. முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் இவர்தம் முன்னோர் தொழில்கள் அல்லவா? எனவே, ஆழத்துக்கு அஞ்சிக் கரையோரத்திலேயே மூழ்கி எழும் குளியாளை எள்ளிக் கூறிய 'பயந்தான் குளி' என்பதே இச்சொல் என விளக்கம் கூறுவோரை நாம் கண்டதுண்டு. வேறு சிலர் இதனை இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகரோடு இணைப்பர். பாக் நீரிணைப் பக்கத்து அமைதியான கடலைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்துச் சீறும் கடலை ஆண்கடல் என்றும் இங்குள்ளோர் வழங்குவர். ஆண்கடலில் இறங்க அஞ்சிப் பெண்கடலில் நீராடித் திரும்புபவனே 'பயந்தாங்குளி' என்பது அவர்கள் கூற்று.

இரண்டும் சுவையான விளக்கங்களே. முதலாவது விளக்கம் தோன்றுவதற்குத் தக்க சூழலும் இக்கரையில் இருந்தது. முத்துக்குளிப்போர் கனத்த கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் வரை இறங்குவர். ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்று அதிகம், மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவர். கீழக்கரை முஸ்லிம்களும் கடற்கரைப் பரதவரும் இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். இலங்கைக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் அங்கும் சென்றனர். இவர்களுடைய அச்சம் மறைத்துவைக்கப்பட்ட ஒன்றன்று. 'கடல்கட்டி' எனப்பட்ட ஒருவர் கரையிலோ படகிலோ இருந்து சுறாவின் வாயைக் கட்டினாலன்றி அவர்கள் நீரில் இறங்கமாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டும் அந்தணருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டது என்று எழுதியுள்ளார். 19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியில் இப்பதவியை வழிவழியாக வகித்தவர்கள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களாயிருந்தனர். ஆங்கில அரசாங்கமும் அவர்களை ஏற்று ஊதியம் அளித்தது. சுறா கட்டுப்படும் என அவ்வரசாங்கம் நம்பவில்லை. ஆனால் குளியாள் அஞ்சுகிறான் என்பதையும், அவ்வச்சத்துக்கு ஒரு செலவு செய்தே ஆகவேண்டும் என்பதையும் அது ஒப்புக்கொண்டது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று.

எனினும், சொல்லாய்வு என்ற அளவில் இவ்விளக்கங்களை ஏற்பதற்கில்லை. காரணங்கள் இவை. 'குளி' என்பது தனித்து நின்று குளிப்பவனைக் குறிப்பதில்லை. 'முத்துக்குளி' என்றால் தொழில். தொழில் செய்பவன் குளியாள், அல்லது முத்துக்குளிப்பவன். அன்றியும், 'கொள்ளி' என்பது பேச்சில் 'குளி' எனத் திரிவது வியப்பன்று. 'கொடு' என்பதை நாம் அனைவரும் 'குடு' என்றே பேசுகிறோம். யாவற்றுக்கும் மேலாக, 'பயங்கொள்ளி' என்னும் உடன்பிறந்த சொல் ஒன்று தமிழில் உண்டு. அதில் 'தான்' இல்லை, குளியலுக்கும் இடமில்லை. பயம் கொள்பவன் பயங்கொள்ளி. பாரதியார் குழந்தைகளுக்குப் பாடிய பாட்டிலும் 'பயங்கொள்' என்னும் வினையே வருகிறது. விறகுவெட்டி, நாடோடி, தொடைநடுங்கி என்பவற்றில் காணும் இகர ஈறே இங்கும் செய்பவனைக் குறிக்கிறது. இடையே 'தான்' அல்லது 'தாம்' என்பது தேற்றப் பொருளில் நுழைந்து, பின்வரும் ககரத்துக்கு இனமாகத் தன் ஈற்றை ஙகரமாக்கிக் கொண்டது. 'நான் கேட்டேன்' என்பது வாய்மொழியில் 'நாங்கேட்டேன்' ஆவதைக் காண்க. எரியும் கட்டையாகிய கொள்ளிக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.

ஆக, பயத்தைத் தான் கொள்பவன், பயத்தையே கொள்பவன் என்பது பொருள். இங்கே 'கொள்' என்னும் வினை கருதத்தக்கது. கொள்ளுதல் என்றால் ஏற்றல், பெறுதல், விலைக்கு வாங்கல். கொள்வோனும் கொடுப்போனும் கூடும் இடம் சந்தை. தமிழில் அச்சத்தைப் பற்றிப் பேச இரு வழிகள் உள்ளன. 'எனக்குப் பயமாயிருக்கிறது', 'அவனுக்குப் பயம் வந்தது' என்பது ஒன்று. இதில் அஞ்சுபவன் எழுவாய் அல்லன்; நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறான். பசியும் காய்ச்சலும் வருவதுபோலவே அச்சமும் அவனைக் கேளாமல் வருகிறது. 'பயங்கொண்டான்' என்பது மற்றொன்று. இதில் அவனே எழுவாய். வந்ததை வாங்கித் தனதாக்கிக்கொண்டவன் அவன். பயந்தாங்கொள்ளி என்பவன் இவ்விரண்டாம் வகையினன். பயம் வந்தவர் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் அல்லர் என்பதைச் சொல்லமைப்பே காட்டுகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும், எழவும் வேண்டும். சொல்லின் வேரைத் தோண்டி அதிலிருந்து இறையியலை எடுக்கும் பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட தம் நூலில் கடுமையாகச் சாடினார். திருமறைச் சொற்களின் பொருளை அவை வழங்கும் தொடரிலும் இடத்திலும் காணவேண்டுமேயன்றி வேரில் அன்று என்றார். அவர் கூற்று சரியானதே. பயந்தாங்கொள்ளி என்று ஒரு சிறுவன் மற்றவனை ஏசும்போது அவன் வேற்றுமை உருபுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே மேலே கண்ட வேறுபாட்டை நாம் சான்றாகக் கொள்ளவில்லை. திருமறையை வாசிக்கும்போது கேட்கவேண்டிய ஒரு வினாவாகவே கொள்கிறோம். தமிழ் அறிந்த இவ்வேறுபாட்டைத் திருமறையும் அறிந்திருக்கிறதா?

உபாகமம் 20ஆம் அதிகாரத்தில் போருக்குமுன் அதிபதிகள் கூறவேண்டிய அறிவிப்பு ஒன்று வருகிறது. புதுவீடு கட்டிக் குடிபுகாதவன், திராட்சத்தோட்டம் நட்டு அதன் பலனை அனுபவியாதவன், பெண்ணை நியமித்து மணம் முடிக்காதவன் ஆகியோர் வீடு திரும்பலாம். கடைசியாக, அஞ்சுபவனும் திரும்பலாம். நம் பழைய மொழிபெயர்ப்பு இவனைப் 'பயங்காளி' என்கிறது. பங்காளி முதலிய சொற்களின் அச்சில் வார்த்த அழகிய சொல் இது. இன்று வழக்கில் இல்லாதது வருந்தத்தக்கது. எபிரேயத்தில் இவன் 'ராக் லேவாவ்', அதாவது மெல்லிய இதயமுடையவன். அவனுக்குத் தண்டனை இல்லை, இழிசொல்லும் இல்லை. பிறருடைய இதயமும் அவனுடையதைப் போல் உருகிவிடக்கூடாது என்பதொன்றே காரணமாகக் கூறப்படுகிறது. நியாயாதிபதிகள் 7இல் கிதியோன் இவ்விதியை நடைமுறைப்படுத்தியபோது 22,000 பேர் திரும்பிப் போயினர். 10,000 பேரே எஞ்சினர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் தமக்குப் பயம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளக்கூடிய படை அது. அவர்களைக் கிதியோன் ஏசியதாக ஒரு சொல்லும் அங்கில்லை.

யூத ரபிமார் இப்பகுதியை மேலும் நுட்பமாக ஆராய்ந்தனர். மிஷ்னாவின் சோத்தா என்னும் பகுதியில் இரு கருத்துகள் பதிவாகியுள்ளன. அஞ்சுபவன் என்றால் உருவிய வாளைக் காணப் பொறுக்காதவனே என்று ரபி அக்கீபா நேர்பொருள் கொண்டார். கலிலேயனாகிய ரபி யோசே, தன் பாவங்களை நினைத்து அஞ்சுபவன் என்றார். அவர் மேலும் சொன்னது நம் சிந்தனைக்கு உரியது: வீடு, தோட்டம், மணம் ஆகிய காரணங்களைத் திருச்சட்டம் முன்னே சேர்த்துவைத்தது அஞ்சுபவனுக்காகவே; அவன் திரும்பிச் செல்லும்போது, எக்காரணத்தால் செல்கிறான் என்பது பிறருக்குத் தெரியாமல் போகும். அஞ்சுபவனுடைய மானத்தைக் காக்கவே மூன்று விதிகள் எழுதப்பட்டன என்பது அவர் கருத்து. எத்தனை அருளுரைகளில் நாம் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறோம்!

இனிப் புதிய ஏற்பாட்டைக் காண்போம். கிரேக்கத்தில் அச்சத்தைக் குறிக்கும் பொதுச்சொல் 'ஃபொபொஸ்'. இது எங்கும் வரும். கடவுளுக்கு அஞ்சும் அச்சத்தையும் இதுவே குறிக்கும். 'தெய்லொஸ்' என்பது வேறு. இது புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது: மத்தேயு 8:26, மாற்கு 4:40, வெளிப்படுத்தின விசேஷம் 21:8. இதன் பெயர்ச்சொல் 2 தீமோத்தேயு 1:7இலும், வினை யோவான் 14:27இலும் ஒவ்வொரு முறை வருகின்றன. கிரேக்க அறநூலில் தெய்லொஸ் என்பவன் வீரனுக்கு எதிரானவன். அரிஸ்டாட்டில் தம் அறநூலின் மூன்றாம் பகுதியில் வீரத்தை ஆராயும்போது கடலையும் குறிப்பிடுகிறார். அலைக்கும் நிலநடுக்கத்துக்கும் அஞ்சாதவன் வீரன் அல்லன், பித்தனோ உணர்வற்றவனோ ஆவான் என்பது அவர் கருத்து. கடலில் வீரன் அஞ்சாதிருப்பதும் மாலுமிகள் அஞ்சாதிருப்பதும் ஒன்றல்ல. மாலுமிகள் தம் பட்டறிவினால் தப்புவோம் என்னும் நம்பிக்கை உடையவர்கள் என்றும் கூறுகிறார். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை பேதைமை என்று திருவள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் கூறியிருப்பது நாம் அறிந்ததே. வீரத்துக்குரிய அதிகாரத்தில் கூறாமல் அறிவுக்குரிய அதிகாரத்தில் அவர் இதனை வைத்தார்.

மாற்கு 4ஐ இவ்வொளியில் வாசிப்போம். படகில் இருந்தவர்களுள் நால்வரேனும் அக்கடலிலேயே வலைவீசி வளர்ந்தவர்கள். அரிஸ்டாட்டில் கூறும் மாலுமியின் பட்டறிவு அவர்களுக்கு உண்டு. அவர்களே அஞ்சினார்கள் என்றால் காற்று அஞ்சத்தக்கதாகவே இருந்தது. படகு நிரம்பிக்கொண்டிருந்தது என்று மாற்கு எழுதுகிறார். அவ்வச்சத்தை ஆண்டவர் கண்டித்தாரா? மத்தேயுவில் அவர் முதலில் சீடரைக் கேட்கிறார், பிறகு காற்றை அதட்டுகிறார். மாற்கில் வரிசை மாறியிருக்கிறது. முதலில் காற்று அடங்குகிறது. பெரும் அமைதி உண்டாகிறது. அதன்பின்னரே கேள்வி எழுகிறது. லூக்காவோ தெய்லொஸ் என்னும் சொல்லையே விட்டுவிட்டு, விசுவாசத்தைப் பற்றி மட்டும் கேட்கிறார். மாற்கின் வரிசைப்படி, அலை படகை மூடியபோது இருந்த பயத்தைப் பற்றியதன்று அக்கேள்வி. அலை ஓய்ந்தபின்னும் அவர்களிடம் எஞ்சியிருந்ததைப் பற்றியது. வந்த பயம் போய்விட்டது. கொண்ட பயம் இன்னும் கையில் இருக்கிறது. அடுத்த வசனத்தில் அவர்கள் மிகவும் பயந்தார்கள் என்று மாற்கு எழுதும்போது 'ஃபொபொஸ்' என்னும் சொல்லுக்கு மாறிவிடுகிறார். இவர் யாரோ என்னும் வியப்பில் எழும் இவ்வச்சத்தை அவர் குறைகூறவில்லை.

பாம்பன் முதியவருக்கு நாம் அன்று சொல்லியிருக்கவேண்டிய விடையின் ஒரு பாதி இதில் உண்டு. அவருடைய தந்தை காற்றைப் படித்தார், படித்தபடி நடந்தார். அவர் தெய்லொஸ் அல்லர்.

மறுபாதி கடினமானது. வெளிப்படுத்தின விசேஷம் 21:8 அக்கினிக் கடலில் பங்கடைவோரைப் பட்டியலிடுகிறது. கொலைபாதகருக்கும் விக்கிரகாராதனைக்காரருக்கும் முன்னே, முதற்பெயராக நிற்பது 'தெய்லொஸ்' என்பதன் பன்மையே. நம் பழைய மொழிபெயர்ப்பு இதனைப் 'பயப்படுகிறவர்கள்' என்கிறது. இவ்வசனத்தைக் கேட்டு உறக்கமிழந்த எளிய விசுவாசிகளை நாம் சந்தித்ததுண்டு. இருட்டுக்கும் நோய்க்கும் சாவுக்கும் பயப்படும் மூதாட்டி, தன் பெயரும் அப்பட்டியலில் இருக்கிறது என எண்ணினால் அவர் தவறு அன்று. தமிழ் அவ்வாறுதான் வாசிக்கப்படுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இங்கே 'கோழைகள்' என மாற்றியது. இது மேலானதே. ஆனால் அதே மொழிபெயர்ப்பு மாற்கு 4:40இல் அஞ்சுதல் என்னும் சொல்லை ஆள்வதால், இரு இடங்களிலும் நிற்பது ஒரே கிரேக்கச் சொல் என்பது வாசகருக்குப் புலப்படுவதில்லை.

அந்நூல் எழுந்த சூழலே இச்சொல்லுக்கு எல்லை வகுக்கிறது. முந்தின வசனத்தில் ஜெயங்கொள்ளுகிறவன் வருகிறான். அவனுக்கு எதிர்ப்பக்கத்தில் தெய்லொஸ் நிற்கிறான். ஆசியாவின் சபைகள் பேரரசனுடைய உருவத்துக்கு முன் நிறுத்தப்பட்ட காலம் அது. பிளினி என்னும் உரோம அதிகாரி ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் பித்தினியா நாட்டிலிருந்து பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. குற்றஞ்சாட்டப்பட்டோரில் சிலர் தாங்கள் கிறிஸ்தவர்களாயிருந்து விட்டுவிட்டதாகச் சொல்லி, அரசனுடைய உருவத்துக்குத் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவை நிந்தித்தனர் என்று அவர் எழுதுகிறார். பயம் அவர்கள் எல்லாருக்கும் வந்திருக்கும், உறுதியாய் நின்றவர்களுக்கும்கூட. சிமிர்னா சபையைப் பயப்படாதே என்று ஆண்டவர் தேற்றுவதற்குக் காரணம், அச்சபை பயந்துகொண்டிருந்ததே. ஆனால் வந்த பயத்தைக் கொண்டு, அதைக் கொடுத்து, தன் உயிரை வாங்கிக்கொண்டவன் வேறு வகையினன். அவன் விற்றது பெரும்பாலும் தன் அருகில் நின்ற சகோதரனை. யோவான் கண்ட பட்டியல் இவனைப் பற்றியது. அப்போதும் முற்றத்தில் மறுதலித்த பேதுருவுக்குக் கரையில் கரிநெருப்பும் மீனும் ஆயத்தமாயிருந்ததை மறந்து இப்பட்டியலை வாசிப்பது முறையன்று.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. உரையாசிரியர்கள் இறை என்பதற்கு அரசர் முதலாய மேலோர் எனப் பொருள் கொண்டனர். நாமோ அச்சொல்லைக் கடவுளுக்கு வைத்து, இறையியல் என்றே நம் படிப்புக்குப் பெயரிட்டோம். இக்கரையில் இன்று முதலிரண்டும் குறைந்துவிட்டன எனலாம். கடல்கட்டி இல்லை, சுறாவும் முன்போல் இல்லை. நான்காவதாகிய மேலோரின் அச்சமே மிகுந்திருக்கிறது. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்களுக்குப் பின் கச்சத்தீவுக் கடலில் வலைவீசும் இராமேசுவரம் மீனவர் இலங்கைக் கடற்படைக்கு அஞ்சுகின்றனர். எல்லைக்கு அப்பால் வடஇலங்கைத் தமிழ் மீனவர்களோ, தங்கள் வலைகளை அறுத்துச் செல்லும் நம் விசைப்படகுகளுக்கு அஞ்சுகின்றனர். இதனையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறைகளாகத் தீவோரங்களில் கடற்பாசி எடுத்துவந்த பெண்கள் வனத்துறையினருக்கு அஞ்சி வாழவேண்டியதாயிற்று. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி நீரில் மூழ்கும் பெண்கள் இவர்கள்.

இவ்விடத்தில் வேறொரு சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். அஞ்சும் ஆண்மகனைப் பேடி என்றும் பெட்டை என்றும் இழித்துரைக்கும் வழக்கம் நம் மேடைகளிலிருந்து இன்னும் நீங்கவில்லை. பெண்மையும் திருநங்கையரின் பிறப்பும் அச்சத்துக்கு மறுபெயர்கள் ஆகா. கடற்பாசிப் பெண்கள் அமர்ந்திருக்கும் சபையில் அச்சொல்லை வழங்கும் போதகர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது நமக்கு விளங்கவில்லை.

மொழிபெயர்ப்போருக்கும் அருளுரையாளருக்கும் சில நடைமுறைக் குறிப்புகளை முன்வைக்கிறோம். உபாகமம் 20:8இல் பழைய 'பயங்காளி' நிற்கட்டும். அதில் ஏளனம் இல்லை. மாற்கு 4:40இல் அஞ்சுதல் என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'இன்னும் ஏன் பயங்கொண்டிருக்கிறீர்கள்' என்று அமைத்தால் கிரேக்கத்தின் 'இன்னும்' என்னும் சொல்லும் தெய்லொஸின் சாயலும் ஒருங்கே வரும். மூலத்தில் 'இன்னும்' விசுவாசத்தைப் பற்றிய அடுத்த வினாவோடு சேர்ந்து நிற்கிறது என்று மறுப்போர் உண்டு. அம்மறுப்பு வலியதே, இருப்பினும் அமைதி உண்டானபின் எழும் கேள்வி என்பதை வேறெவ்வாறு உணர்த்துவது? வெளிப்படுத்தின விசேஷம் 21:8க்குக் 'கோழைகள்' போதாது என்பது நம் எண்ணம். சளியையும் குறிக்கும் அச்சொல் மனத்தின் தளர்ச்சியைச் சொல்லுகிறதேயன்றிக் கைவிட்டு ஓடுதலைச் சொல்லவில்லை. 'பயத்தினால் மறுதலித்தவர்கள்' என்பது விளக்கம் கலந்த பெயர்ப்பாயினும், அம்மூதாட்டி அதைக் கேட்டால் உறங்கக்கூடும். பயந்தாங்கொள்ளி என்னும் சொல், பொருளளவில் மிக நெருங்கி வந்தாலும், ஏசலாகவே பழகிவிட்டதால் திருமறைப் பெயர்ப்பில் இடம்பெறத் தக்கதன்று.

முதியவரை நாம் மீண்டும் காணச் சென்றபோது அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். நாம் கண்டவற்றுள் சிலவற்றை எளிய சொற்களில் கூறினோம். மிஷ்னாவின் செய்தியை மட்டும் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பின்பு, அவருடைய தந்தையோடு அன்று கரையேறாமல் போன இருவரின் பெயர்களைச் சொன்னார்.